மோபி டிக்: பாதியை வெட்டி எறியலாமா?

2 ஜூன் 2024, ஒரு வாசகரின் கேள்வி

மெல்வில்லின் மோபி டிக் நாவலை மூன்றாவது முறையாக எடுத்து மூன்றாவது முறையாகக் கீழே வைத்துவிட்டேன். முதல் நூறு பக்கம் அபாரம். விடுதியில் இடமில்லாமல், உடம்பெல்லாம் பச்சை குத்திய ஈட்டிக்காரனோடு ஒரே கட்டிலில் படுக்கிறான் கதை சொல்லும் இஷ்மேல், அங்கே சிரித்துக்கொண்டே படித்தேன். கப்பல் கிளம்பியதும் கதை நின்றுவிடுகிறது. திமிங்கலத்தின் தலை, வால், தோல், எலும்பு, கொழுப்பு என்று பள்ளிக்கூடப் பாடம் தொடங்கிவிடுகிறது. பாதியை வெட்டி எறிந்தால் முந்நூறு பக்கத்தில் அருமையான நாவல் கிடைக்கும் என்பது என் கட்சி. மெல்வில்லுக்கு நல்ல எடிட்டர் அமையவில்லை, அவ்வளவுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

2 ஜூன், இரவு

வந்துவிட்டேன் தம்பி. நான் கப்பல்காரன், பத்தொன்பது வருஷமாகச் சரக்குக் கப்பலில் ஓட்டம். இப்போது லீவில் வீட்டில் இருப்பதால் சண்டை போட நேரமும் இருக்கிறது.

இதை நான் படித்தது பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத்தாது ஏற்றிப் போன ஒரு கப்பலில். மெஸ் ரூம் மூலையில், இறங்கிப் போனவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. முக்கால்வாசி துப்பறியும் கதை. அவற்றையெல்லாம் தீர்த்த பிறகு அடியில் அட்டை கிழிந்து கிடந்த இது கைக்கு வந்தது. நாற்பது நாள் பயணம், இன்டர்நெட் கிடையாது. கப்பலில் சம்பவம் என்பது எப்போதாவது வருவது. மற்ற நாளெல்லாம் துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கயிறு சுற்றுவது, தின்பது, தூங்குவது. கதை நின்றுவிட்டது என்கிறீர்களே, கப்பலே அப்படித்தான் இருக்கும். மெல்வில் வெளியே நின்று எழுதியவர் இல்லை. 1841 ஜனவரியில் அகுஷ்னெட் என்ற திமிங்கலக் கப்பலில் ஏறி, ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்து, மார்க்கேசஸ் தீவில் இறங்கி ஓடிப்போன ஆள்.

பொறுமையாகப் போனால் கடைசியில், மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்தைத் துரத்தும் கேப்டன் ஆகாப் அதன் விலாவோடு கயிற்றில் கட்டுண்டு கிடக்க, செத்த கை மட்டும் ஆடி ஆடி மற்றவர்களை வா வா என்று கூப்பிடுகிறதே, அந்தக் காட்சிக்காகவே முந்நூறு பக்கப் பாடத்தையும் படிக்கலாம்.

3 ஜூன்

எடிட்டர் அமையவில்லை என்பதைப் பற்றி ஒன்று. அமைந்தார்கள், அதுதான் வினை. 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக, வெறும் 'திமிங்கலம்' என்ற தலைப்பில் முதலில் வந்தது. அரச குடும்பத்தையும் மதத்தையும் சீண்டும் இடங்களையெல்லாம் அங்கே கத்தரித்துவிட்டார்கள். அதைவிடக் கூத்து, இஷ்மேல் மட்டும் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைக்கிறானே, அந்த முடிவுரை லண்டன் பதிப்பில் இல்லவே இல்லை. எல்லாரும் செத்துப்போனார்கள் என்றால் இந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று அங்கே விமர்சகர்கள் நக்கலடித்தார்கள். நியாயமான கேள்விதான், பாவம், அவர்கள் கையில் இருந்த புத்தகத்தில் பதில் இல்லை. அடுத்த மாதம் நியூயார்க்கில் முடிவுரையோடு வந்தது. அங்கேயும் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

3 ஜூன், சற்று நேரம் கழித்து

எத்தனை பிரதி விற்றது என்று கேட்டிருந்தார்கள். மெல்வில் உயிரோடு இருந்தவரை இரண்டு நாட்டிலும் சேர்த்து நாலாயிரம்கூடப் போகவில்லை. 1866இலிருந்து பத்தொன்பது வருஷம் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக, நாளுக்கு நாலு டாலர் கூலிக்கு, வந்த கப்பல்களின் சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். கஸ்டம்ஸ்காரர்களைக் கண்டால் எங்களுக்கு ஆகாது, இவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு. 1891இல் இறந்தார். புத்தகத்தை மறுபடி தூக்கி நிறுத்தியது 1920களில் வந்த தலைமுறை.

4 ஜூன்

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை, "ஐயா, கை ஆட்டிக் கூப்பிடும் காட்சி நாவலில் இல்லை, அது 1956இல் வந்த சினிமா" என்று எழுதியிருக்கிறார். சும்மா சொல்கிறார் என்று நினைத்துக் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன்.

அவர் சொன்னதுதான் சரி. எனக்கு மானம் போனது. திமிங்கலத்தின் முதுகில் கயிறு சுற்றிக் கட்டுண்டு கிடப்பது ஆகாப் இல்லை, அவனுடைய பார்சி ஈட்டிக்காரன் ஃபெடல்லா. அந்தப் பிணமும் கை ஆட்டவில்லை, பிதுங்கிய கண்ணால் ஆகாபைப் பார்க்கிறது. கிரிகரி பெக் கை ஆட்டியதை நான் எப்போதோ டிவியில் பார்த்து, பக்கத்தில் படித்ததாகவே மனசில் போட்டு வைத்திருக்கிறேன். புத்தகத்தை வெட்டக்கூடாது என்று பேச வந்தவன், புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டேன். அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு.

ஆகாப் சாவது வேறு மாதிரி. அதைப் பற்றி நாளைக்கு. மறுபடி படித்ததில் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன்.

5 ஜூன்

எழுதுவதற்கு முன்னால் தம்பியின் வெட்டுப்பட்டியல் வந்துவிட்டது. பிடியுங்கள்: 32, 55, 56, 57, 60, 74, 75... அப்புறம் நீண்டுகொண்டே போகிறது. மொத்தம் 135 அத்தியாயத்தில் கிட்டத்தட்ட நாற்பதுக்குச் சீட்டு கிழித்திருக்கிறார்.

32ஐ நானும் முதல் முறை தாண்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். திமிங்கல வகைகளை ஃபோலியோ, ஆக்டேவோ, டுவோடெசிமோ என்று புத்தக அளவுகளாகப் பிரிப்பது. இரண்டாம் முறை படித்தபோதுதான் அது பாடமே இல்லை, பாடத்துக்குக் கேலி என்று தெரிந்தது. திமிங்கலம் மீன்தான் என்று இஷ்மேல் அடித்துச் சொல்கிறான். நுரையீரல் இருக்கிறது, வெப்ப ரத்தம், பால் கொடுக்கிறது என்று உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அடுக்கிய காரணங்களை, திமிங்கல வேட்டைக்குப் பேர்போன நான்டக்கெட் தீவைச் சேர்ந்த இரண்டு கூட்டாளிகளிடம் சொல்லிப் பார்த்தானாம், அதெல்லாம் பத்தாது என்று அவர்கள் தள்ளிவிட்டார்களாம். பெரிய மீன் விழுங்கிய பழைய ஏற்பாட்டு யோனாவைத் துணைக்குக் கூப்பிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறான். உயிரியல் படித்த ஒருவர் இதற்காக நாவல் மேலேயே கோபப்பட்டிருக்கிறார். சார், 1818இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இதே வழக்கு நடந்தது. மீன் எண்ணெய்க்கு உள்ள சோதனைக் கட்டணம் திமிங்கல எண்ணெய்க்கும் உண்டா என்பது பிரச்சினை. நிபுணர் ஒருவர் வந்து மீன் இல்லை என்று சாட்சி சொன்னார், ஜூரி மீன்தான் என்று முடிவு கட்டியது. அடுத்த வருஷம் அதே ஊரில் மெல்வில் பிறக்கிறார். எங்கள் கடற்கரையில் ஓங்கலையே (டால்பின்) மீன் என்றுதான் சொல்வோம், அதனால் நான் ஜூரி பக்கம்.

சரி, 32ஐ வேண்டுமானால் தாண்டிக்கொள்ளுங்கள். 55, 56, 57 திமிங்கலப் படங்களைப் பற்றியவை, அவற்றுக்காகவும் நான் சிலுவை சுமக்க மாட்டேன். ஆனால் 60? அதை எப்படித் தம்பி பட்டியலில் போட்டீர்கள்?

6 ஜூன்

60ஆம் அத்தியாயத்தின் பெயர் 'கயிறு'. ஐந்தாறு பக்கம்தான். ஈட்டியோடு கட்டியிருக்கும் கயிற்றைப் பற்றி மட்டும் பேசுகிறது. தடிமன் முக்கால் அங்குலம்கூட இல்லை, நீளம் இருநூறு பாகத்துக்கும் (ஒரு பாகம் ஆறடி) கொஞ்சம் மேல். ஐம்பத்தொரு இழை, ஒவ்வொன்றும் 120 பவுண்டு தாங்கும், மொத்தமாக ஏறக்குறைய மூன்று டன் இழுவை. அதைத் தொட்டியில் சுற்றி வைப்பதற்கே ஒரு காலை முழுக்கச் செலவாகும், ஏனென்றால் ஒரு முறுக்கு சிக்கினாலும் யாரோ ஒருவனின் கையோ காலோ ஆளேயோ போய்விடும். தொட்டியிலிருந்து பின்பக்கக் கட்டையைச் சுற்றி, படகின் நீளம் முழுக்க, ஒவ்வொருவன் துடுப்பின் மேலும் உரசிக்கொண்டு முன்னால் போகிறது. துடுப்பு போடும் அத்தனை பேரும் அந்தக் கயிற்றின் வளைவுகளுக்குள்ளே உட்கார்ந்து ஜோக் அடிக்கிறார்கள்.

இனி என் கதை. கேடட்டாகச் சேர்ந்த முதல் வருஷம். குளிர் நாட்டில் ஒரு துறைமுகம். முன்தளத்தில் கப்பலைக் கரையோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். விஞ்ச் இழுக்கிறது, கயிறு ஒரு உருளையைச் சுற்றித் திரும்பிக் கரைக்குப் போகிறது. காற்று வெட்டி எடுத்தது, அந்தத் திருப்பத்தின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் மறைவாக இருந்ததால் அங்கே போய் நின்றேன். ரத்னகிரிப் பக்கத்து ஆள் ஒருவர் போசன், அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. ஐம்பது வயசு இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் வந்து என் பாய்லர் சூட் காலரைப் பிடித்து ஒரே வீச்சு. நான் போய் விழுந்தது பெயின்ட் டப்பாக்கள் மேல். திட்டப் போகிறேன், அதற்குள் கயிறு அறுந்தது. அந்தச் சத்தத்தை எழுத வராது. கயிற்றை என் கண் பார்க்கவே இல்லை. நான் நின்ற இடத்துக்குப் பின்னால் இரும்புச் சுவரில் பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வெள்ளி மாதிரி மின்னியது, பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது, அவ்வளவுதான். போசன் சுவரையும் என்னையும் பார்த்துவிட்டு "சாய் பியேகா?" (டீ குடிக்கிறியா?) என்று கேட்டார்.

அந்த அத்தியாயத்தில் மெல்வில் எழுதியிருப்பது இதுதான். படகில் கயிறு ஓடும்போது உட்கார்ந்திருப்பது, ஓடும் நீராவி இயந்திரத்தின் சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது மாதிரி என்கிறார். உட்கார்ந்து பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும்.

6 ஜூன், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. ஆகாப் எப்படிச் சாகிறான் என்று சொல்கிறேன் என்றேனே. ஈட்டியை எறிகிறான். திமிங்கலம் முன்னால் பாய்கிறது. கயிறு தீப்பிடிக்கும் வேகத்தில் ஓடுகிறது, ஓடும்போது சிக்குகிறது. குனிந்து சிக்கை எடுக்கிறான். எடுத்தும்விடுகிறான்! அந்தச் சின்ன வாக்கியத்தைக் கவனியுங்கள், வேலை தெரிந்தவன், சிக்கைச் சரியாகவே எடுத்துவிட்டான். ஓடும் கயிற்றின் ஒரு சுற்று கழுத்தில் விழுகிறது. சத்தமில்லாமல் படகிலிருந்து பறந்துவிடுகிறான். ஆள் போனது துடுப்புக்காரர்களுக்கே உடனே தெரியவில்லை.

அவ்வளவுதான். இரண்டு வரி. அறுநூறு பக்கம் கத்திப் பேசி, ஈட்டியை எறியும்போதுகூட வசனம் பேசிய ஆளுக்கு, சாகும்போது ஒரு சத்தம்கூடக் கிடையாது. இந்த இரண்டு வரி நெஞ்சில் இறங்குகிறதென்றால் எழுபத்தைந்து அத்தியாயத்துக்கு முன்னால் அந்தக் கயிற்றை இழை இழையாக நம் கையில் கொடுத்திருக்கிறார் என்பதால்தான். 60ஐ வெட்டினால் இது வெறும் விபத்து. சினிமாக்காரர்களுக்கு 60ஆம் அத்தியாயத்தைப் படமெடுக்க முடியாது, அதனால் கை ஆட்ட வைத்தார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், கயிற்றில் தப்பியவன்!

8 ஜூன்

கோவைக்காரர் ஒருவர் "இது கப்பல்காரர்களுக்கு மட்டும் எழுதிய புத்தகம் என்று ஆகிவிடுகிறதே" என்கிறார். நியாயம்தான், யோசித்தேன். என் போசனுக்கு 60ஆம் அத்தியாயமே வேண்டாம், அவருக்குத் தெரியும். காலரைப் பிடித்து இழுக்க ஆள் இல்லாதவர்களுக்குத்தான் அது வேண்டும். நான் முன்பு எழுதியதை, கப்பலில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்ற தொனியில் எழுதியதை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொரு தகவல் தம்பிக்கு. உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது. 2007இல் லண்டன் பதிப்பகம் ஒன்று இந்த நாவலைப் பாதியாக்கி வெளியிட்டது. அதைப் பார்த்து எரிச்சலோ குஷியோ அடைந்த அமெரிக்க எழுத்தாளர் ஒருவர், அவர்கள் வெட்டி எறிந்ததை மட்டும் வரிசையாக அடுக்கி 2009இல் வெளியிட்டார். இரண்டையும் நான் படித்ததில்லை. வைத்துக்கொள்ள ஒன்றுதான் என்றால் எனக்கு இரண்டாவது.

9 ஜூன்

இப்போது எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் கொடுக்கிறேன். இஷ்மேலோடு கட்டிலில் படுத்த அந்த ஈட்டிக்காரன் குவீக்வெக் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. கரையில் அவ்வளவு பெரிய நட்பு, கல்யாணமான தம்பதி மாதிரி என்றே எழுதுகிறார், கப்பல் ஏறியதும் ஆள் காணாமல் போகிறான்.

பத்து நிமிஷம் கழித்து: முழுக்க இல்லை. 72இல் குவீக்வெக் திமிங்கலத்தின் வழுக்கும் முதுகில் நின்று வேலை பார்க்கிறான், கீழே சுறாக்கள். அவன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே இஷ்மேலின் இடுப்புக்கு. அவன் விழுந்தால் இவனும் போக வேண்டியதுதான், அறுத்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. மறுபடியும் கயிறு. இந்த ஆளுக்குக் கயிற்றைவிட்டால் வேறு எதுவும் தெரியாதா என்று நீங்கள் என்னைக் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஃபெடல்லாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்ற ஈட்டிக்காரர்களுக்காவது ஒரு முகம் உண்டு. பார்சிக்காரர் என்று சொல்லி அவனை ஒரு பேய் நிழலாகவே வைத்திருக்கிறார், சோதிடம் சொல்வதோடு சரி. எலிபெண்டா குகையில் மச்ச அவதாரச் சிலை இருப்பதாகவும் அதன் வால் பாம்பு வால் மாதிரி தப்பாக இருப்பதாகவும் 55இல் குறை வேறு சொல்கிறார். எலிபெண்டா சிவன் தலம். மும்பையில் கப்பல் நின்றபோது போய்ச் சுற்றிப் பார்த்தேன், மூன்று முகச் சிவன்தான் நின்றார், மச்சம் என் கண்ணில் படவில்லை. மெல்வில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஏதோ புத்தகத்தின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிற்பியைத் திட்டுகிறார். இருந்தாலும் 40இல், நள்ளிரவுக் குடிக் கூத்தில், ஒரு லஸ்கர் மாலுமி வருகிறான், பிரம்மா மேல் ஆணையிட்டு, கங்கையே காற்றாக மாறி வருகிறது, பாயை இறக்கச் சொல்வார்கள் என்கிறான். அவனுக்கு மூன்று வரிதான் வசனம். நம் ஆள் ஒருவன் டெக்கில் நிற்கிறானே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

11 ஜூன்

"இத்தனை பெரிய நாவலில் ஒரு பெண் கிடையாது" என்று மதுரை அக்கா கேட்டிருக்கிறார். கரையில் விடுதிக்காரி ஒருத்தி, ஆகாபின் கப்பலுக்குச் சாமான் ஏற்ற ஓடியாடும் கிழவி ஒருத்தி, அவ்வளவுதான். அக்கா சொல்வது உண்மை.

ஆனால் 132ஐ ஒரு தடவை பாருங்கள் அக்கா. வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள், அமைதியான கடல். ஆகாப் தன் முதல் துணை அதிகாரி ஸ்டார்பக்கிடம் பேசுகிறான். நாற்பது வருஷம் கடலில், அதில் கரையில் இருந்தது மூன்று வருஷம்கூட இல்லை என்கிறான். ஐம்பது தாண்டி ஒரு சின்னப் பெண்ணைக் கட்டினேன், மறுநாளே கப்பல் ஏறினேன், கல்யாணத் தலையணையில் ஒரே ஒரு குழிதான் விட்டு வந்தேன் என்கிறான். எனக்குக் கல்யாணமான பதினெட்டாம் நாள் டிக்கெட் வந்தது. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். விசா முத்திரையைப் பார்த்துக்கொண்டு என் மனைவி கேட்டது, "அப்ப அந்த மிச்சப் பலகாரத்தை என்ன பண்றது?" அந்தத் தலையணை வரியை நான் அட்லான்டிக் நடுவில் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு டெக்குக்குப் போய்விட்டேன்.

12 ஜூன்

கடலில் திமிங்கலம் பார்த்திருக்கிறீர்களா என்று மூன்று பேர். பார்த்திருக்கிறேன். இலங்கைக்குத் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகும் கப்பல் பாதையில் நீலத் திமிங்கலம் சகஜம். தூரத்தில் ஒரு ஊற்று எழும்பும், அப்புறம் இன்னொன்று. பெரிய கப்பல்கள் அதே பாதையில் போய் அவற்றை மோதிக் கொல்வதும் அங்கேதான். இரவு வாட்சில் மோதினால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. 87இல் படகு திமிங்கலக் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொள்ள, தெளிந்த தண்ணீருக்குள் தாய்களும் பால் குடிக்கும் குட்டிகளும் தெரிகின்றன. தொப்புள்கொடி அறாத குட்டிகூட உண்டு. ஈட்டிக்கயிற்றோடு போனவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். தம்பியின் பட்டியலில் 87 இல்லை, அதற்கு நன்றி.

15 ஜூன்

தம்பி மறுபடி எடுத்துவிட்டாராம், 42இல் இருக்கிறாராம், "வெள்ளை நிறம் ஏன் பயம் தருகிறது என்று இத்தனை பக்கமா" என்று புலம்பல். போங்கள், 60க்கு இன்னும் பதினெட்டுத்தான்.

இதற்கிடையில் கோவைக்காரர் ஒரு குண்டு போட்டிருக்கிறார். ஃபெடல்லா சொன்ன சோதிடப்படி ஆகாபைச் சணல் கயிறு மட்டுமே கொல்லும். அதைக் கேட்டு, சரி தூக்குமேடையைச் சொல்கிறான், கடலில் எனக்குச் சாவில்லை என்று ஆகாப் சிரிக்கிறான். ஆனால் என் அருமை 60ஆம் அத்தியாயத்திலேயே அமெரிக்கப் படகுகளில் சணல் போய் மணிலாக் கயிறு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் சோதிடம் பலித்ததா என்று கேட்கிறார். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மணிலாக் கயிறு எதில் திரிப்பது தெரியுமா? அபாகா. பிலிப்பைன்ஸில் விளையும் ஒரு வாழை. அப்படிப் பார்த்தால் கேப்டன் ஆகாபின் கழுத்தில் விழுந்தது வாழைநார். அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறேன், டெக்கில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.